டின் கிலோவில், பாட்டில் லிட்டரில்... இருப்புக் கணக்கு எப்படி ஒத்துப்போகும்?

‘‘எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் மரச்செக்கு எண்ணெய், பாரம்பர்ய அரிசி ஆகியவற்றைச் சொந்த இணையக் கடையில் விற்கிறோம். கணக்கு, டேலியில் இருக்கிறது. கடை காட்டும் இருப்பும் டேலி காட்டும் இருப்பும் ஒத்துப்போவதே இல்லை. இல்லாத சரக்குக்குப் பணம் வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. என்ன செய்யலாம்?’’

- வாசகர், ஈரோடு மாவட்டம்.

பெரும்பாலும் இது மென்பொருளின் கோளாறு அல்ல. ஒரே பொருளுக்கு இரண்டு பெயரும் இரண்டு அளவும் இருப்பதுதான் காரணம். கடையில் ‘மரச்செக்கு கடலை எண்ணெய் 1 லிட்டர்’ என்று இருக்கும். டேலியில் ‘கடலை எண்ணெய் டின்’ என்று இருக்கும். ஆட்களுக்கு இரண்டும் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு வேறு வேறு.

முதலில், ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனி குறியீட்டு எண் கொடுங்கள். கடலை எண்ணெய் 1 லிட்டருக்கு 1011, அரை லிட்டருக்கு 1012 என்பதுபோல. அதே எண்ணை இணையக் கடையில் ‘எஸ்.கே.யு’ கட்டத்திலும், டேலியில் அந்தப் பொருளின் மாற்றுப்பெயராகவும் பதியுங்கள். பெயரை யார் எப்படி எழுதினாலும் எண் மாறக் கூடாது. வரவு, செலவு பதிவான பழைய பொருளை டேலியில் நீக்க முடியாது. பெயரை மட்டும் திருத்திக்கொள்ளலாம்.

அடுத்தது அளவு. இங்குதான் பலரும் சறுக்குகிறார்கள். கடலை எண்ணெய் ஒரு லிட்டர் சுமார் 910 கிராம்தான் இருக்கும். எனவே, 15 கிலோ டின்னில் ஏறத்தாழ 16.5 லிட்டர் எண்ணெய் இருக்கும். ‘15 கிலோ என்றால் 15 லிட்டர்’ என்று எழுதினால், 20 டின்னுக்கு 30 லிட்டர் கணக்கில் வராமல் போகும். சிந்தியதும், யாராவது எடுத்துப்போனதும் இந்த இடைவெளிக்குள் மறைந்துவிடும்.

ஆகவே, டின்னை ஒரு பொருளாகவும் பாட்டிலை வேறொரு பொருளாகவும் வைத்திருங்கள். பாட்டிலில் நிரப்பும் நாளிலேயே ‘உற்பத்திப் பதிவு’ போடுங்கள். எண்ணெய், காலி பாட்டில், மூடி, லேபிள் குறையும். நிரம்பிய பாட்டில் கூடும். ஒரு பாட்டிலின் அடக்கவிலையும் அப்போதே தெரிந்துவிடும். எண்ணெயும் அரிசியும் மஞ்சள்தூளும் சேர்ந்த ‘காம்போ’ பை விற்றாலும், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் இருப்பிலிருந்து கழிய வேண்டும்.

அரிசியில் வரியையும் கவனியுங்கள். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய சிப்பத்துக்கு 5% ஜி.எஸ்.டி உண்டு. சில்லறையாக அளந்து கொடுப்பதற்கு இல்லை. 26 கிலோ மூட்டை சந்தைக்கு வந்த கதை இதுதான். ஒரே ரக அரிசியாக இருந்தாலும், சிப்பத்தையும் சில்லறையையும் ஒரே பெயரில் வைத்தால் வரிக் கணக்கு தவறாகிவிடும்.

பணம் வசூலித்துத் தரும் நிறுவனம் கமிஷனைக் கழித்துக்கொண்டுதான் வங்கியில் போடும். வந்த தொகையை விற்பனையாக எழுதாதீர்கள். முழு விலையை விற்பனையிலும், கமிஷனைச் செலவிலும் எழுதுங்கள். கூரியர் கட்டணத்துக்குத் தனித் தலைப்பு வேண்டும்.

நேரடி விற்பனையும் இருந்தால், முழு இருப்பையும் இணையத்தில் காட்டாதீர்கள். 50 பாட்டில் இருந்தால் 40 மட்டும் காட்டுங்கள். நேரடியாக விற்றது அன்று மாலை கடையில் கழியும்வரை, மீதி 10 பாட்டில் உங்களைக் காப்பாற்றும்.

ஒரு மாதக் கடைசி நாளில் கிடங்கில் இருப்பதை எண்ணி, எடைபோட்டு, அந்த அளவையே இரண்டு இடத்திலும் தொடக்க இருப்பாக வையுங்கள். பிறகு, வாரம் ஐந்து பொருளை மட்டும் எண்ணிச் சரிபார்த்தால் போதும். வித்தியாசம் வந்தால் உடனே திருத்திவிடாமல் காரணத்தைத் தேடுங்கள். அந்தக் காரணத்தில்தான் உங்கள் நஷ்டம் ஒளிந்திருக்கும்.