ஆணையோடு ஒரு விடைத்தாள்

'அயற்பணி' என்ற சொல்லைச் சிதம்பரத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2013-இல் அங்குள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அரசின் கைக்கு வந்தபின், மிகையெனக் கணக்கிடப்பட்ட ஊழியர்கள் பலர் வெளியூர் அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அயற்பணியில் அனுப்பப்பட்டார்கள். வேலை போகவில்லை, சம்பளம் வருகிறது, பிறகென்ன குறை என்பார்கள். பல்கலைக்கழகத்தின் நிதி நெருக்கடியில் வேலையைக் காத்தது பெரிய காரியம்தான்; மறுப்பதற்கில்லை. ஆனால் வீடும் பிள்ளையின் பள்ளியும் சிதம்பரத்தில், நாற்காலி மட்டும் வேறு மாவட்டத்தில் என்றால் மாறுவது மொத்த வாழ்க்கை. எத்தனை காலம், திரும்பினால் எந்த இடம், பதவி உயர்வு என்னாகும் என்ற மூன்று கேள்விகளுக்கு விடை சொல்வதே மனிதவளத் துறையின் முதல் கடமை. ஊக்க உரையும் யோகா வகுப்பும் அப்புறம். எந்த நிறுவனமானாலும், இடமாற்ற ஆணையோடு அந்த விடைத்தாளையும் இணைத்துக் கொடுக்கட்டும்.