எந்தத் தாது வருஷம்?

"நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருக்கிறது, அதை எதற்கு நோண்ட வேண்டும்?" நம் வயதுக்காரர்கள் அடிக்கடி சொல்வது இது. தையல் மெஷினுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் சரிதான். ஆனால் ஆஸ்பத்திரி, பாங்க், மின் நிலையம் போன்ற இடங்களில் ஓசையில்லாமல் ஓடும் ஒரு கடிகாரத்துக்கு இது பொருந்தாது என்பதே என் கட்சி.

அதற்கு டைம் சர்வர் என்று பெயர். தட்டையான ஒரு பெட்டி. மொட்டை மாடியில் வைத்த ஆன்டெனா வழியாக ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சொல்லும் நேரத்தைப் பிடித்து, "மணி என்ன?" என்று கேட்கிற ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் பதில் சொல்லும். பெட்டியை உள்ளிருந்து நடத்தும் புரோகிராம்தான் ஃபர்ம்வேர்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பழைய ஜிபிஎஸ் சிக்னலில் வருஷம் வராது. எத்தனையாவது வாரம், அந்த வாரத்தில் எத்தனையாவது விநாடி என்பது மட்டுமே வரும். வார எண்ணுக்கு ஒதுக்கிய இடம் பத்து பிட். அதனால் 0 முதல் 1023 வரை எண்ணிவிட்டு மறுபடி 0-வில் தொடங்கும். 1980 ஜனவரி 6-இல் தொடங்கிய கணக்கு 1999 ஆகஸ்டில் ஒரு சுற்று முடிந்தது. 2019 ஏப்ரலில் இரண்டாவது. அடுத்தது 2038 நவம்பர்.

நமக்கு இது புதிதா என்ன? நம் வருஷப் பெயர்களும் 60 ஆண்டுக்கு ஒரு முறை சுற்றி வருபவைதானே. ஒரு பழைய ஏட்டில் வெறுமே "தாது வருஷம்" என்று இருந்தால், அது பஞ்சம் வந்த 1876-ஆ, 1936-ஆ, 1996-ஆ? ஏடு சொல்லாது. படிக்கிறவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

டைம் சர்வருக்குள் அப்படிப் படிக்கிறவர்தான் ஃபர்ம்வேர். "நான் எழுதப்பட்ட தேதிக்கு முந்தைய தேதி வராது" என்று அதில் ஒரு கணக்கு வைப்பது தயாரிப்பாளர்கள் பலரின் வழக்கம். அந்தத் தேதியிலிருந்து 1024 வாரம் சரியாகச் சொல்லும். அதற்குப் பிறகு ஒரு நாள் திடீரென்று ஏறத்தாழ இருபது வருஷம் பின்னால் போய்விடும். ஆகவே 2038 வரை கவலையில்லை என்று யாரும் இருந்துவிட முடியாது. ஒவ்வொரு பழைய பெட்டிக்கும் தனித்தனியே ஒரு கெடு இருக்கிறது.

2019 ஏப்ரலில் வாரக் கணக்கு சுற்றியபோது, நியூயார்க் மாநகராட்சி தனக்கென்றே அமைத்திருந்த கம்பியில்லா வலையமைப்பு பல நாள் முடங்கியது. போலீஸாரின் வண்டி எண் படிக்கும் கருவிகளும் போக்குவரத்து சிக்னல்களைத் தொலைவிலிருந்து இயக்கும் வசதியும் பாதிக்கப்பட்டன. இத்தனைக்கும், சுற்று முடியும் நாள் 1980-லேயே கணக்குப் போட்டுச் சொல்லக்கூடியது. புயலும் பூகம்பமும் அப்படித் தேதி சொல்லிவிட்டா வருகின்றன?

"அப்டேட் செய்யப் போய் பெட்டியே செத்துவிட்டால்?" என்று கேட்பவர்களின் பயம் நியாயமானது. பாதியில் கரண்ட் போனால் பெட்டி செங்கல்லாகிவிடலாம். அதற்கு மருந்து அப்டேட் செய்யாமல் இருப்பதல்ல, முறையோடு செய்வது. இரண்டு பெட்டி இருக்க வேண்டும். ஒன்றை முடித்து, அது காட்டும் நேரத்தையும் தேதியையும் சரிபார்த்த பிறகே மற்றதைத் தொட வேண்டும். யூபிஎஸ் இணைத்து, பழைய அமைப்புகளைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, வேலை குறைவான நேரத்தில் செய்ய வேண்டும்.

உண்மையான நோய் வேறு. புதுச் சாமான் வாங்கப் பணம் ஒதுக்குவோம், பூஜை போட்டுப் பொட்டும் வைப்போம். பராமரிப்புக்கு ஆளும் இல்லை, பணமும் இல்லை. தெரிந்த ஒருவர் ஓய்வு பெற்றதும் அந்தப் பெட்டி இருப்பதே மறந்துபோகிறது. தேதி பிசகினால் கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று நம்பாது, உள்ளே நுழைய விடாது. நோயாளிக்கு எந்த மருந்து முதலில் கொடுக்கப்பட்டது, கணக்கில் எந்தப் பணம் முதலில் போனது என்ற வரிசையே சந்தேகமாகிவிடும்.

ஒரு ரிஜிஸ்டரில் மூன்று வரி போதும்: ஃபர்ம்வேர் எந்தத் தேதியுடையது, எதுவரை செல்லும், பார்த்துக்கொள்ள வேண்டிய பதவி எது. ஆள் மாறினாலும் பதவி மாறாது.

உங்கள் பிள்ளையோ பேத்தியோ இப்படிப்பட்ட இடத்தில் வேலை பார்த்தால், அடுத்த முறை போனில் பேசும்போது கேளுங்கள்: "உங்க ஆபீஸ் டைம் சர்வரைக் கடைசியா எப்போ அப்டேட் பண்ணீங்க?" பதில் சட்டென்று வராவிட்டால், நீங்கள் கேட்டதே ஒரு நல்ல காரியம்.