தோலை உரிக்க யாருக்கு உரிமை?

“கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், சார்!” என்று சொல்லிப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் ஒப்படைக்கும் வழக்கம் நம் நாட்டில் இன்னும் சாகவில்லை. சொல்பவர்கள் கொடியவர்களா? இல்லை. நம் தொழிலாளிகள், நம் விவசாயிகள். அவர்களோடுதான் இன்று வழக்காட வேண்டியிருக்கிறது.

திங்கட்கிழமை காலை. தாய் எட்டு மணிக்குள் மில்லில் இருக்கவேண்டும். பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறான், வாந்தியெடுக்கிறான். ஞாயிறன்று இந்த வலி இல்லை. “நடிக்கிறான்” என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். முதுகில் நாலு வைத்து இழுத்துப்போய் விடுகிறாள். வகுப்பில் அவன் மேஜைக்கடியில் ஒளிகிறான். வெளியே இழுத்தால் கடிக்கிறான். உபாத்தியாயர் பிரம்பை எடுக்கிறார். ஒரு மாதத்தில், “இவனால் மற்றப் பிள்ளைகள் கெடுகிறார்கள், டி.சி.யை வாங்கிக்கொள்ளுங்கள்!”

நடிப்பல்ல, அய்யா! பயம் வயிற்றுவலியாகவும் தலைவலியாகவும் வருவது வைத்திய உலகம் அறிந்த சங்கதி. கரும்பலகை கண்ணுக்குத் தெரியாத பிள்ளை உண்டு. எழுத்துக்கூட்டி வாசிக்க முடியாமல் தினமும் நாற்பது பேர் முன்னால் அவமானப்படும் பிள்ளை உண்டு. ஜாதிப் பெயரால் கேலி செய்யப்படும் பிள்ளை உண்டு. இவர்களை அடித்தால் பழைய பயத்தோடு புதுப் பயம் ஒன்று சேரும். வேறென்ன?

பணக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு இது வந்தால் அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர், மனோதத்துவ நிபுணர், கட்டணம். நம் வீட்டுப் பிள்ளைக்கு வந்தால் அதற்குப் பெயர் திமிர்!

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் 2003-லேயே விதியைத் திருத்திப் பிரம்படியைத் தடை செய்தாகிவிட்டது. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனதை நோகடிப்பதையும் தடுக்கிறது. எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்கிறது 16-வது பிரிவு. அதனால்தான் நிர்வாகங்கள் வெளியேற்றுவதில்லை. தாயே வந்து டி.சி. கேட்கும்படி செய்கின்றன! காகிதத்தில் எல்லாம் “பெற்றோர் வேண்டுகோளின்படி.” என்ன சாமர்த்தியம்!

உபாத்தியாயர்மேல் மட்டும் பாய்வதில் நமக்குச் சம்மதமில்லை. ஒருவரே இரண்டு மூன்று வகுப்புகளைக் கட்டி மேய்க்கும் பள்ளிகள் இருக்கின்றன. அவரும் உழைப்பாளிதான். ஆனால் களைப்பு பிரம்புக்கு லைசென்ஸ் ஆகாது.

பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்வதும் வழியல்ல. நாள் ஆக ஆகப் பயம் முற்றும். முதலில் கண்ணையும் காதையும் சோதிக்கச் செய்யுங்கள். எதற்குப் பயம் என்று, அவன் அமைதியாயிருக்கும் வேளையில் கேளுங்கள். கோபத்தில் கத்தும்போது உபதேசம் ஏறாது. கொஞ்ச நாள் அரைநாள் மட்டும் போகட்டும். அவனுக்குப் பிடித்த ஓர் ஆசிரியர் வாசலில் நின்று அழைத்துக்கொள்ளட்டும். 14416 என்ற இலவச டெலிபோனில் மனநல ஆலோசனை கிடைக்கிறது.

இதற்கெல்லாம் தாய்க்குக் காலையில் இரண்டு மணி நேரம் வேண்டும். அந்த இரண்டு மணிக்கு அரைநாள் கூலியை வெட்டும் முதலாளியைப் பற்றிப் பேசாமல் “பெற்றோரின் பொறுப்பு” என்று பிரசங்கம் செய்பவர்களை என்னவென்பது? பள்ளிக்கூடந்தோறும் ஒரு மனநல ஆலோசகரை நியமிக்காத சர்க்காரும் அதே வரிசையில்தான் நிற்கிறது.

சர்க்கார் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்களே இருக்கவேண்டும் என்பது சட்டம். பெற்றோர்களே, அந்த நாற்காலிகளில் போய் உட்காருங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வியாகக் கேளுங்கள்: இந்த வருஷம் டி.சி. வாங்கிப்போன பிள்ளைகள் எத்தனை பேர், எதற்காகப் போனார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்?