சீமைக்கருவேலமும் கேன்சர் செல்லும்

லீவுக்கு தேவிபட்டினம் போனபோது பெரியப்பாவைப் பார்க்கப் போனேன். அவருக்கு புரோஸ்டேட் கேன்சர். எலும்பு வரைக்கும் பரவிவிட்டது. இரண்டு வருஷமாக மதுரைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறார். மஞ்சப்பையிலிருந்து ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பாயில் வரிசையாகப் பரப்பினார். மாத்திரை ஆரம்பித்ததும் பி.எஸ்.ஏ. என்கிற ரத்தப் பரிசோதனை எண் மளமளவென்று இறங்கியிருக்கிறது. கடைசி இரண்டு ரிப்போர்ட்டில் மறுபடி ஏற ஆரம்பித்திருக்கிறது.

"மருந்துக்குப் பழகிருச்சுன்னு சொல்றாங்கய்யா. அப்படின்னா என்ன? நீதான் படிக்கிறியே."

நான் பயோடெக் மூன்றாம் வருஷம். இதைப் பரீட்சையில் இரண்டு பக்கத்துக்கு எழுதுவேன். பெரியப்பாவிடம் எப்படிச் சொல்வது? கடைசியில் அவர் இருபது வருஷம் வெட்டி, கரிமூட்டம் போட்டுப் பிழைத்த சீமைக்கருவேலம்தான் கை கொடுத்தது. வெட்டினால் தூரிலிருந்து தழைக்கும். நிலத்தை மொட்டையடித்துப் போட்டால் மழைக்கு முதலில் முளைப்பதும் அதுதான். 2017ல் ஹைகோர்ட் மதுரைக் கிளை உத்தரவு போட்டு, ஊர் ஊராக ஜேசிபி இறங்கியது. இப்போது வந்து பாருங்கள், எங்கள் ஊர் ரோட்டோரத்தை :-)

'பழகிருச்சு' என்பது பாதிதான் சரி. கட்டியில் இருக்கும் கோடிக்கணக்கான செல்களும் ஒரே மாதிரி இருப்பதில்லை. மருந்துக்குச் சாகாத சில செல்கள் முதல் நாளே உள்ளே இருக்கலாம். மற்றவை செத்து இடம் காலியானதும் இவை பெருகுகின்றன. இதில் பழக்கம் ஒன்றும் இல்லை, பொறுக்கி எடுக்கப்படுவதுதான் நடக்கிறது. இன்னொரு வகை நிஜமாகவே வேஷம் போடும். 2010ல் அமெரிக்காவில் செட்டில்மேன் குழு நுரையீரல் கேன்சர் செல்கள் மீது மருந்தைக் கொட்டிப் பார்த்தது. ஆயிரத்தில் சுமார் மூன்று செல்கள் பதுங்கிப் பிழைத்தன. மருந்தை நிறுத்தி வளரவிட்டதும், அவற்றின் வாரிசுகள் மறுபடி அதே மருந்துக்குச் சாகிறவையாக மாறின. மரபணு மாறவில்லை, நடத்தைதான் மாறியிருந்தது. பெங்களூர் ஐஐஎஸ்சியில் மோஹித் குமார் ஜாலி குழு, செல்கள் இப்படி ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதைக் கணக்குப் போட்டு ஆராய்கிறது.

அப்படியானால் செல்லைக் கொல்வதற்குப் பதில், அது மாறும் திறமையையே முடக்க மருந்து செய்தால் என்ன? 2019ல் லண்டன் கேன்சர் ஆராய்ச்சி நிறுவனம் இதைத்தான் அறிவித்தது. செல்லின் மரபணுவில் மாற்றங்களை வேகமாக உண்டாக்கும் 'அப்போபெக்' புரதங்களைத் தடுக்கும் மருந்து அவர்கள் குறிகளில் ஒன்று.

யோசனை அருமை. ஆனால் பழைய கதை ஒன்று என்னைத் தயங்க வைக்கிறது. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்யகல்யாணியிலிருந்து எடுப்பதுதான் வின்கிரிஸ்டின். சில கேன்சர் செல்கள் இந்த மருந்தை உள்ளே விட்டுவிட்டு, ஒரு பம்ப் வைத்து வெளியே இறைத்துவிடும். 1981ல் ஜப்பானின் சுரோ, வெராபமில் என்ற சாதாரண இதய மாத்திரை அந்தப் பம்பை அடைக்கும் என்று காட்டினார். ஆய்வகத்தில் பிரமாதம். மனிதர்களுக்கு அந்த அளவு கொடுத்தால் இதயம் தாங்காது. அதற்குப் பிறகு வந்த அடைப்பான்களும் பெரிய சோதனைகளில் சோபிக்கவில்லை. ஒரு கதவை அடைத்தால் செல்லுக்கு வேறு கதவுகள் இருக்கின்றன.

அதனால் எனக்கு அதிக நம்பிக்கை தருவது புது மருந்து அல்ல, பழைய மருந்தைக் கொடுக்கும் விதம். அமெரிக்காவில் மாஃபிட் மையத்தின் கேட்டன்பி, முற்றிய புரோஸ்டேட் கேன்சர் உள்ள 11 பேரிடம் அபிராட்டிரோன் மாத்திரையை வைத்து இதைச் செய்து 2017ல் வெளியிட்டார். பி.எஸ்.ஏ. பாதியாகக் குறைந்ததும் மாத்திரையை நிறுத்தினார்கள். பழைய அளவுக்கு ஏறியதும் மறுபடி ஆரம்பித்தார்கள். மருந்துக்குச் சாகிற செல்களில் கொஞ்சத்தை வேண்டுமென்றே விட்டு வைத்தால், அவை இடத்தைப் பிடித்துக்கொண்டு சாகாத செல்களைப் பெருக விடாது என்பது கணக்கு. நிலத்தை மொட்டையடிக்காமல் புல்லை விட்டு வைப்பது போல. வழக்கமான அளவில் பாதிக்கும் குறைவான மருந்தே செலவானது, நோயும் அதிக காலம் கட்டுக்குள் நின்றது.

11 பேர் ரொம்பக் குறைவு. சீட்டுப் போட்டுப் பிரித்த சோதனையும் இல்லை. குணப்படுத்தக்கூடிய கேன்சரில் இந்த வேலையே ஆகாது, அங்கே முழு மருந்தும் போயாக வேண்டும்.

சரி, பெரிய சோதனையை யார் நடத்துவது? மாத்திரையைக் குறைவாகச் சாப்பிடச் சொல்லும் ஆராய்ச்சிக்கு மாத்திரை விற்கிற கம்பெனி ஏன் காசு போடப் போகிறது? கிளிவெக்கை நினைத்துப் பாருங்கள். வழக்கு நடந்த காலத்தில் மாதம் சுமார் 1.2 லட்சம் ரூபாயாக இருந்தது. இந்தியக் கம்பெனிகளின் மாத்திரை அப்போது சுமார் 10,000. 2006ல் நம் சென்னை காப்புரிமை அலுவலகம் நோவார்ட்டிஸ் விண்ணப்பத்தைத் தள்ளியது. 2013ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. லண்டன் மருந்து நாளை வந்தாலும் முதலில் அந்த மாதிரி விலையில்தான் வரும்.

ஆனால் மலிவு மாத்திரையை வைத்து சோதனை நடத்த நமக்குத் தெரியும். மும்பை டாடா மெமோரியல், தலை-கழுத்து கேன்சர் முற்றிய 422 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு சிஸ்பிளாட்டின் ஊசி, இன்னொரு பிரிவுக்கு மெத்தோட்ரெக்ஸேட், செலிகாக்ஸிப் என்ற பழைய மாத்திரைகள் குறைந்த அளவில். ஊசி போட்டவர்களின் இடைநிலை ஆயுள் 6.1 மாதம், மாத்திரைக்காரர்களுக்கு 7.5 மாதம். 2020ல் வெளியானது. பெரிய வித்தியாசமா என்று கேட்காதீர்கள். மாத்திரையை வீட்டிலிருந்தே சாப்பிடலாம், ஊசிக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தேவிபட்டினத்திலிருந்து ராம்நாடு, அங்கிருந்து மதுரை என்று பஸ் மாறுகிறவருக்கு அது தெரியும். இதேபோல நிறுத்தி நிறுத்தி மருந்து கொடுக்கும் முறையையும் நம் அரசு ஆஸ்பத்திரிகள் பெரிய அளவில் சோதிக்க வேண்டும். நோயாளிகள் இங்கே இருக்கிறார்கள், மாத்திரை இங்கேயே தயாராகிறது, பி.எஸ்.ஏ. பரிசோதனை ராம்நாட்டிலேயே எடுக்கலாம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு பெரியப்பா ரிப்போர்ட்டுகளை மடித்துப் பையில் வைத்தார்.

"அப்ப நான் இந்த மாசத்து மாத்திரைய நிறுத்திப் பார்க்கவாய்யா?"

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஐயோ, வேண்டாம், இன்னும் நிரூபிக்கவில்லை, டாக்டரைக் கேட்காமல் ஒரு மாத்திரைகூட விடக்கூடாது என்று மூன்று தடவை சொன்னேன். தலையாட்டினார். நம்பிக்கையில்லாமல் பெரியம்மாவிடமும் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.