பொன்னாடைக்குள் ஒளியும் பொய்

தேர்வு முடிவுகள் வெளியாகும் காலத்தில் நம் பங்குகளில் ஒரு காட்சி தவறாமல் அரங்கேறுகிறது. மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்ற பிள்ளையை ஞாயிறு திருப்பலியின் முடிவில் பீடத்தின் முன் நிறுத்திப் பொன்னாடை போர்த்துகிறோம். “ஏழைகளுக்குச் சேவை செய்வேன்” என்று பிள்ளை சொல்கிறது, நாம் கைதட்டுகிறோம். அதே ஆண்டில் செவிலியர் பயிற்சியில் சேர்ந்த பெண் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறாள். அவளை யாரும் அழைப்பதில்லை. நாம் பாராட்டுவது சேவையைத்தான் என்றால், இரவெல்லாம் நோயாளியின் அருகில் விழித்திருக்கப் போகிற அவளை ஏன் மறந்தோம்?

விடை கசப்பானது. நாம் போற்றுவது சேவையை அன்று, உயர்வை.

உயர்வை விரும்புவது பாவம் என்று நாம் சொல்லவில்லை. உழைப்பவர் கூலிக்கு உரியவர் என்பது ஆண்டவரின் போதனை. மருத்துவரை மதிக்குமாறு சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரம் அறிவுறுத்துகிறது. வருவாயும் மதிப்பும் வேண்டும் என்று ஒரு குடும்பம் வெளிப்படையாகச் சொன்னால் அதில் குற்றமில்லை. அந்த ஆசைக்குச் ‘சேவை’ என்று திருமுழுக்குப் பெயர் சூட்டுவதே குற்றம்.

இந்தப் பொய்க்கு விலை கொடுப்பவர்கள் இருவர். முதலாமவர் பிள்ளை. பேசத் தொடங்கும் முன்பே அதன் எதிர்காலத்தை நாம் எழுதிவிடுகிறோம். நீட் தேர்வில் ஒருமுறை தவறினால் மறுமுறை, அதிலும் தவறினால் இன்னொருமுறை என்று இளமையைப் பயிற்சி மையங்களில் அடைக்கிறோம். “எனக்கு இதில் நாட்டமில்லை” என்று சொல்ல வாயெடுத்தால், இறைத்திட்டத்தையே மறுப்பதுபோல் அதைக் குற்றவாளி ஆக்குகிறோம்.

இரண்டாமவர் ஏழை. நிலத்தை விற்றும் கடன் வாங்கியும் தனியார் கல்லூரியில் இடம் பிடித்த குடும்பம், போட்ட பணத்தை யாரிடமிருந்து திரும்பப் பெறும்? நோயாளியிடமிருந்துதான். மேடையில் யார் பெயரைச் சொல்லிக் கைதட்டல் பெற்றோமோ, அவர் தலையிலேயே நம் கடன் இறங்குகிறது.

உண்மையான உந்துதல் எப்படிப் பிறக்கிறது? ஐடா ஸ்கட்டர் அம்மையார் மறைப்பணியாளர் குடும்பத்தில் பிறந்தும் அப்பணியை விரும்பாதவர். 1890களில் நோயுற்ற தாயைக் கவனிக்கத் திண்டிவனம் வந்திருந்தார். ஓர் இரவில் மூவர் அடுத்தடுத்து வந்து, பேறுகால வேதனையில் துடிக்கும் தம் மனைவியரைக் காக்க வேண்டினர். மருத்துவரான அவருடைய தந்தை செல்ல ஆயத்தமாக இருந்தும், ஆண் மருத்துவரை அவர்கள் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் மாண்டனர். ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று 1900இல் திரும்பினார். 1918இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்.

நம் திருச்சபையின் மேரி குளோரி, ஆஸ்திரேலியாவில் மருத்துவராகத் தொழில் நடத்திக்கொண்டிருந்தவர். இந்தியத் தாய்சேய் மரணங்களைப் பற்றி 1915இல் ஒரு சிறு நூலில் வாசித்தார். 1920இல் குண்டூர் வந்து துறவியானார். 1943இல் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தை நிறுவினார். இவ்விருவரையும் அழைத்தது அயலாரின் சாவு. அண்டைவீட்டாரின் மெச்சுதல் அன்று.

“தவறான நோக்கத்தோடு தொடங்கியவரும் பின்னாளில் நல்ல மருத்துவராகலாமே?” என்று சிலர் கேட்கலாம். ஆகலாம், இறையருளுக்கு எல்லையில்லை. ஆனால் நோயை ஒப்புக்கொண்டவருக்கே மருந்து பயன்படும். பேராசையைச் சேவை என்று நம்பிக்கொண்டிருப்பவர் எதிலிருந்து மனம் திரும்புவார்?

ஆகவே, விண்ணப்பம் நிரப்பும் முன் நம் பிள்ளையிடம் தனிமையில் கேட்போம்: “பெரிய வருவாய் இல்லாத சிற்றூர்ச் சுகாதார நிலையத்திலும் இந்த வேலை உனக்கு வேண்டுமா?” ‘இல்லை’ என்றால் அந்த நேர்மையை மதிப்போம். அக்டோபர் 18, மருத்துவரான புனித லூக்காவின் திருநாள். அன்று செவிலியரையும், ஆய்வகப் பணியாளரையும், மருத்துவமனைத் தரையைத் துடைப்பவரையும் பீடத்தருகே அழைப்போம். அவர்களுக்கு அணிவிக்க நம்மிடம் பொன்னாடை இல்லையென்றால், இனி எவருக்கும் அதை அணிவிக்க வேண்டாம்.