ஆனைக்காவில் நீர் வழிபாடு. ஆற்றில் கழிநீர் முழுக்கு!

ஐம்பூதங்களுள் நீருக்குரிய இடமென்று திருவானைக்காவைப் போற்றுகின்றனர். கருவறையில் ஊறும் நீரைக் கண்டு கைகூப்பிக் கண்ணீர் மல்குகின்றனர். அக்கோயிலுக்குத் தெற்கே ஓடும் காவிரி என்ன நிலையில் இருக்கின்றது என்று அவர்களுள் எத்துணைப் பேர் திரும்பிப் பார்த்தனர்?

திருச்சிராப்பள்ளி மாநகரின் கழிநீர் பஞ்சப்பூருக்குக் கொண்டு செல்லப்பெற்று, தூய்மை செய்யப்பெற்றபின் கோரையாற்றில் விடப்படுகின்றது. கோரையாறு குடமுருட்டியாகிக் காவிரியில் கலக்கின்றது. கலக்கும் இடமோ ஆனைக்காவிற்கு மேற்கே, ஓட்டத்தின் மேற்புறத்தில்! கொல்லைப்புறமாக வெளியேற்றியது தலைவாயிலில் வந்து நிற்கின்றது. தூய்மை செய்யப்பெறாமலே உய்யக்கொண்டானில் விழுவது தனிக்கணக்கு. மக்கள் உய்வதற்கென்று சோழர் வெட்டிய கால்வாய் அது. பெயர் மட்டும் உய்ந்திருக்கின்றது.

கழிநீரைத் தூய்மை செய்து மீண்டும் பயன்கொள்வது புதுமையன்று. நமீபியாவின் தலைநகரான விந்தோக்கில் 1968 முதல் அதனைக் குடிநீராகவே மாற்றி வழங்குகின்றனர். சிங்கப்பூர் 2003-இல் தொடங்கியது. சென்னையில் 2019-இல் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்கு 4.5 கோடி இலிட்டர் தரும் நிலையங்கள் ஒவ்வொன்று திறக்கப்பெற்று, மணலி, திருப்பெரும்பூதூர், ஒரகடம் ஆகிய இடங்களின் ஆலைகளுக்கு நீர் செல்கின்றது. எனவே 'முடியுமா?' என்னும் வினா முடிந்துபோன வினா. 'யாருக்கு? எந்த முறையில்?' என்பதே இனி எழுப்ப வேண்டிய வினா.

இதில்தான் திட்டமிடுவோர் தலைகீழாக நிற்கின்றனர். முதலில் நிலையத்தைக் கட்டிவிட்டு, நீர் கைக்கு வந்தபின் கொள்வாரைத் தேடுகின்றனர். ஏரிக்கரையைக் கட்டிய நம் முன்னோர் மடை எங்கே, கலிங்கு எங்கே, கடைமடை யாருடையது என்று அறியாமலா மண் சுமந்தனர்?

கொதிகலனுக்கு உப்பகற்றிய நீர் வேண்டும்; அதற்குச் சவ்வில் அழுத்தி வடிப்பதற்கு மின்னாற்றல் மிகுதியாகச் செலவாகும். தோப்புக்கும் கட்டட வேலைக்கும் அவ்வளவு வடிப்பு வேண்டா. பயிருக்கோ கழிநீரில் எஞ்சியுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் உரமாகவே உதவும். நோய்க்கிருமியும் ஆலை நஞ்சும் அகன்றிருந்தால் போதும். அனைத்தையும் ஒரே படியில் வடித்து ஒரே குழாயில் செலுத்துவது பொருட்கேடு. குடிநீர்க் குழாயோடு எவ்விடத்தும் இணையாதவாறு, கண்டவுடன் தெரியும் தனிநிறத்தில் இக்குழாய் அமைதல் வேண்டும். ஓரிடத்தில் மாறி இணைந்தாலும் தெருவே நோயில் வீழும்.

இவற்றினும் பெரிது ஒன்றுண்டு. கோரையாற்றில் இன்று விடப்படும் நீரும் கீழே யாரோ ஒருவருடைய வாய்க்காலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கின்றது. அதனை மறித்து ஆலைக்கு விற்றுவிட்டு, அந்த ஆலை ஆற்றிலிருந்து எடுக்கும் நீரையும் குறைக்காமல் விட்டால், அதற்குப் பெயர் மீள்பயன் அன்று, பட்டப்பகற் கொள்ளை! ஓர் இலிட்டர் மீள்நீர் பெறும் ஆலை, ஓர் இலிட்டர் ஆற்றுநீரை விட்டுக்கொடுத்தாக வேண்டும். திருவெறும்பூரின் கொதிகலன் ஆலையாயினும், பொன்மலைத் தொடர்வண்டிப் பணிமனையாயினும், நேற்றுத் தோன்றிய தனியார் ஆலையாயினும் இதில் வேறுபாடு கூடாது. காவிரி நீருக்காகக் கருநாடகத்தோடு வழக்காடும் நாடு, தன் வீட்டுக்குள் அளவு பாராமல் இறைப்பது எந்த முறை?

இக்கணக்கைக் கேட்க வேண்டிய உழவனுக்குத் திட்டம் எட்டுவதில்லை. ஏன்? அஃது ஆங்கிலத்தில் அடைந்து கிடக்கின்றது! நிலத்தடி வழிக்குச் 'சுருங்கை' என்றும், கழிநீர் முற்றத்திற்கு 'அங்கணம்' என்றும் பெயரிட்ட மொழிக்குக் குழாய்ப் பங்கீட்டைச் சொல்ல வலிமையில்லையாம்! உத்திரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியத்திற்கு ஆள் தேரும் முறையைத் தமிழில்தான் பொறித்து வைத்துள்ளன. கணக்குக் காட்டாதவன் மட்டுமல்லன், அவன் உறவினனும் வாரியத்தில் அமர முடியாது என்பது அவற்றின் கட்டளை. கல்லில் வெட்டித் தமிழில் சொன்னார்கள். இன்று தாளில் அச்சிட்டும் சொல்ல மனமில்லை.

2022-ஆம் ஆண்டு விதிகளின்படி நகர்ப்புறங்களில் பகுதி சபாக்கள் கூட்டப்பெற வேண்டும். ('மன்றம்' என்னும் சொல் கிடைக்கவில்லை போலும்!) மீள்நீர் எவ்வளவு, எந்தப் படியில் வடிக்கப்படுகின்றது, எந்த ஆலைக்கு, என்ன விலைக்கு, அதற்கீடாக அவ்வாலை விட்டுக்கொடுக்கும் ஆற்றுநீர் எவ்வளவு என்னும் ஐந்து கணக்குகளையும் தமிழில் எழுதி, திருவானைக்கா தொடங்கி ஒவ்வொரு பகுதி மன்றத்திலும் மாநகராட்சி படித்துக் காட்டட்டும். படிக்கும்வரை ஒரு குழாயும் புதைக்கவிடாது தடுத்து நிற்பது அப்பகுதி மக்களின் கடன்.