முடிச்சைப் பார்க்கும் இரண்டாவது கண்

குற்றாலத்திற்குச் சென்று வாராத மாணாக்கர் நம்முள் அரியர். ஆனி பிறந்து, தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே சாரலை வீசத் தொடங்கிவிட்டால், தென்காசி வண்டியில் இடம் பிடிப்பதே விடுதி மாணாக்கரின் முதற்கவலையாகிவிடும். அவர்கள் அருவியில் நீராடுவது குறித்து எவர்க்கும் மனக்குறை இல்லை. நீராடியபின் ஈரக்காலுடன் பாறைமேல் ஏறத் தொடங்குகிறார்களே, அது பற்றியே சில சொல்லப் புகுந்தேன்.

பாறை ஏறுதல் இழிந்த விளையாட்டென்று நான் கருதவில்லை. உடலுக்கு உரமும் உள்ளத்துக்கு நிதானமும் தரும் அருங்கலை அது. ஆயினும் அதனை முறையாகப் பயில்வோர் ஏறுவதற்கு முன்னர்ப் பார்க்கவே கற்கின்றனர். ஏறுபவரும் கீழே கயிறு பிடிப்பவரும் எதிரெதிரே நின்று, ஒருவர் கட்டை மற்றவர் சோதிப்பர். இடுப்பு வார் இறுகியுள்ளதா, எட்டு வடிவ முடிச்சு முற்றும் முடியப்பட்டதா, வளையத்தின் பூட்டுத் திருகப்பட்டதா, கயிறு அதைப் பற்றும் கருவியினுள் நேராகச் செல்கிறதா, அதன் மறுமுனையில் முடிச்சு உண்டா என்பவற்றைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, வாயால் சொல்லிய பின்னரே பாறையில் கை வைப்பர். இதற்கு ஒரு நிமிடமும் ஆகாது.

இது புதியவர்க்கு மட்டுமே வேண்டிய சடங்கென்று எண்ணுவார் லின் ஹில் என்னும் அமெரிக்கப் பெண்மணியின் கதையைக் கேட்க வேண்டும். உலகின் தலைசிறந்த பாறையேறிகளுள் ஒருவர் அவர். 1989ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் புவூ என்னுமிடத்தில், கயிற்றை இடுப்பு வாரில் நுழைத்தவர், இடையே கவனம் சிதறி, முடிச்சை முடியாமலே ஏறிவிட்டார். அவருக்கு எளிதான பாறைதான். உச்சிவரை ஒரு தடங்கலும் இல்லை. இறங்குவதற்காகக் கயிற்றில் சாய்ந்தார். கயிறு கையோடு வந்தது. 70 அடிக்கு மேல் வீழ்ந்தவரை மரக்கிளைகள் தாங்கியமையால் உயிர் தப்பினார். புதியவன் அச்சத்தால் மும்முறை பார்க்கிறான். தேர்ந்தவருக்கோ கை தானே வேலை செய்கிறது. மனம் வேறெங்கோ இருக்கிறது. ஆதலின் பிறிதொருவர் கண் அவருக்கே மிகுதியும் வேண்டும்.

சுவிட்சர்லாந்து நாட்டு மாட்டர்ஹார்ன் சிகரத்தை 1865 சூலை 14இல் எட்வர்டு விம்பர் உள்ளிட்ட எழுவர் முதன்முதல் எட்டினர். இறங்குகையில் 19 வயது இளைஞரான ஹேடோ சறுக்க, அவரோடு மூவர் இழுபட்டு வீழ்ந்தனர். நடுவேயிருந்த கயிறு அற்றது. எஞ்சிய மூவரே ஊர் திரும்பினர். அறுந்தது, அவர்கள் கொண்டு சென்றவற்றுள் மிக மெலிந்த கயிறு. வலிய கயிறும் அவர்களிடம் இருந்தது. வலியதாயின் எழுவரும் ஒருங்கே மாண்டிருப்பர் என்று வாதிடுவாரும் உளர். இருக்கலாம். ஆயினும், கட்டும்பொழுது 'இது எந்தக் கயிறு?' என்று வினவுவதைத் தடுத்தது எது?

நம் மேற்குமலைகளில் தேனெடுக்கும் குடியினர் சிலரிடையே ஒரு வழக்கம் உண்டு. செங்குத்துப் பாறையில் ஒருவன் இறங்கும்பொழுது மேலே நின்று கயிற்றைக் காப்பவன் அவன் மனைவியின் உடன்பிறந்தானாகவே இருத்தல் வேண்டும். தன் தங்கையைக் கைம்பெண்ணாக்க எவனும் துணியான் அன்றோ! எவ்வளவு கூரிய ஏற்பாடு! ஆனால் மைத்துனனின் அன்பு இற்றுப்போன நாரைப் புதிதாக்கிவிடாது. மாட்டர்ஹார்னிலும் எவர்க்கும் தீய எண்ணம் இருந்ததில்லை. ஆளை நம்புவது வேறு. கயிற்றைப் பார்ப்பது வேறு. இவ்விரண்டையும் நாம் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறோம். 'அண்ணே, உங்கள் முடிச்சைக் காட்டுங்கள்' என்று முதலாண்டு மாணவன் மூத்த மாணவனைக் கேட்பானா? கேட்டால், 'என்னையா ஐயுறுகிறாய்?' என்பதே விடையாகும். இந்த வீண் மரியாதைதான் நம் நாட்டில் பாறையினும் வழுக்குவது.

குற்றாலத்துப் பாறைக்கு வருவோம். பேரருவி மேலிருந்து பொங்குமாங்கடல் என்னும் ஆழ்குழியில் வீழ்ந்து, அங்கிருந்தே நம் தலைமேல் இறங்குகிறது. அக்குழியை எட்டிப் பார்க்கும் ஆவலும், அதற்கு மேலுள்ள செண்பகாதேவி, தேனருவிப் பக்கம் தடையை மீறிச் செல்லும் ஆவலும் இளைஞர்க்கு எழுவது இயல்பே. ஆனால் அது ஓயாது நீர் படிந்து பாசி ஏறிய பாறை. மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனார், பாசி காலைத் தளரச்செய்யும் இடங்களைக் கூத்தர்க்கு முன்கூட்டியே சுட்டி, சிறுமூங்கிலையும் நாணற்கோலையும் பற்றிக்கொண்டு செல்லுமாறு அறிவுறுத்துகிறார். நன்னனிடம் பரிசில் பெறப் போவோர்க்கும் வழியின் இடர் சொல்லியே விடை கொடுத்தார் அப்புலவர். நாமோ சோற்றுப் பொட்டலத்தை மட்டும் எண்ணிப் பார்த்து அனுப்புகிறோம்.

அருவிப் பாறையில் கயிறும் துணையாகாது. அங்கு வெள்ளமே பெரும்பகை. 2024 மே 17இல் பழைய குற்றால அருவியில் திடீரெனப் பாய்ந்த நீர் 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது. மலைமேற் பெய்யும் மழை கீழே நிற்பவர்க்குத் தெரிவதில்லை. நீர் கலங்குவதும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதும், இரைச்சல் மாறுவதும் அதன் முன்னறிகுறிகள். தலையை நீட்டிக் குளிப்பவன் காதில் அருவி ஓசையன்றி வேறென்ன கேட்கும்? கரையில் நின்று மேலே பார்ப்பவன் ஒருவன் வேண்டும். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டி நீர் விழுந்தால் காவலர் தடுப்பதைச் சினந்துகொள்வோர் பலர். அக்காவலர் நமக்குக் கிடைத்த இரண்டாவது கண் என்று கொள்வோர் சிலரே.

கயிறேற விரும்புவோர் காய்ந்த பாறையில், கற்பிப்பார் ஒருவரிடம் கற்கட்டும். குற்றாலம் செல்லும் குழுவுக்கு என் வேண்டுகோள் வேறு. குழுவில் மிக இளையவரையே காவலராக அமர்த்துக. கரையில் நிற்பதும், போகும்பொழுதும் வரும்பொழுதும் தலை எண்ணுவதும், 'போதும், இறங்குங்கள்' என்று கூவுவதும் அவர் பணி. மணிக்கொருமுறை ஆள் மாறலாம். அவரும் குளிக்க வேண்டுமே! காவலில் நிற்கும் வரையில் அவர் சொல்லுக்கு மூத்த மாணவரும் உடன்செல்லும் ஆசிரியரும் உட்பட்டவர்கள். ஆனிக்கு இன்னும் நாள் இருக்கிறது. பயணப் பட்டியல் எழுதும்பொழுதே அவர் பெயரை முதலில் எழுதிவிடலாம்.